மடி விட்ட கடா

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் எந்த விசேஷம் நடந்தாலும் பிரியாணிப் பந்தியில் எனக்கு நிம்மதி கிடையாது. இலையில் கோழித் துண்டு விழுந்ததும் பக்கத்தில் இருப்பவர் என் பக்கம் சாய்வார். "சார், நீங்க மாட்டாஸ்பத்திரில வேல பாத்தவராச்சே. இந்த பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் ஊத வெக்கறாங்களாமே, நெஜமா?" என்பார். இல்லை ஐயா, இந்தக் காலத்துக் கோழி வளர்வது அதன் இனத்தாலும் தீவனத்தாலும்தான், ஒவ்வொரு கோழியாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்காரனுக்குப் பொழுது இருக்கிறது என்று சொல்வேன். ஒருவரும் நம்பியதில்லை. "சொல்ல மாட்டாரு, கவர்மெண்ட்டு ஆளு" என்று எதிர் வரிசைக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, அதே துண்டை ரசித்துச் சாப்பிடுவார்கள்.

போன மாதம் எங்கள் கால்நடை ஆய்வாளர் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு, இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "வெக்கை நோய் ஒழிச்சது, வெள்ளத்துல மாடுங்களைக் காப்பாத்துனது, அந்த மாதிரி எழுதுங்க சார்" என்றார்கள். அந்தப் பெருமைகளை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பந்தியில் நான் சொல்லாமல் விழுங்கும் விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் கோழிக்கு ஹார்மோன் வைத்த ஆள் ஒருவன் இருந்தான். அவன் நான்தான். அதையே எழுதித் தருகிறேன் என்றேன். அவர்கள் முகம் கொஞ்சம் வாடியது, ஆனாலும் காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பட்டாபிராமில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கிப் படித்தேன். மாட்டைக் கட்ட, ஊசி போட, காயடிக்க, சினை பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். மிச்சத்தை மாடுகளே உதைத்துக் கற்றுக்கொடுத்தன. என் இடது முழங்காலில் ஓர் எருமை கொடுத்த சான்றிதழ் இன்னும் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நசரத்பேட்டைப் பக்கம் ஒரு கிளை மருந்தகத்தில் என்னைப் போட்டார்கள். ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம், மாட்டை நிறுத்தக் கட்டைச் சட்டம், பக்கத்தில் கைப்பம்பு. அரசாங்கக் காகிதத்தில் நான் கால்நடை ஆய்வாளர் தேவராஜன். ஊரில் 'ஊசி சார்'. சைக்கிள் கேரியரில் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் தடுப்பு மருந்தைக் கட்டிக்கொண்டு, பெங்களூர் ரோட்டு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஊர் ஊராகப் போவேன். வயல்களெல்லாம் ஒவ்வொன்றாக மனையாகிக்கொண்டிருந்த நேரம் அது. வெள்ளையடித்த மனைக்கல்லை நட்டுவிட்டுப் போவார்கள். மறுநாளே அதில் யாராவது ஓர் எருமையைக் கட்டியிருப்பார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது சட்டையில் ஃபினாயிலும் சாணியும் கலந்த வாசனை இருக்கும். என் மனைவி அந்தச் சட்டையைத் தனி வாளியில்தான் நனைப்பாள். அந்த வாசனை இப்போது வந்தால்கூட மனசு சைக்கிள் ஏறிவிடும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

பரந்தாமன் என்பவர் அங்கே கோழிப் பண்ணை வைத்திருந்தார். நல்ல மனிதர், வாய் நிறையப் பேசுவார். முட்டைக் கோழி இனத்தில் பொரிகிற சேவல் குஞ்சுகளை வளர்த்து ஓட்டல்களுக்குக் கொடுப்பது அவர் தொழில். அந்தச் சேவல்கள் சதை பிடிக்காது. ஒன்றையொன்று கொத்திக்கொண்டு, கூவிக்கொண்டு, நாராய்ப் போகும். யாரோ ஒரு மருந்து ஏஜெண்டு அவருக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். பெண்மைக்கான ஹார்மோனைச் செயற்கையாகச் செய்து சிறு மாத்திரையாக்கியிருந்தார்கள். அதைச் சேவலின் கழுத்துத் தோலுக்கடியில் வைத்துவிட்டால், கொஞ்ச நாளில் கொண்டை வெளுத்துச் சுருங்கும், கூவுவது நிற்கும், சண்டை நிற்கும், கொழுப்பு ஏறும், கறி பஞ்சாகும். வைப்பதற்குக் கை வேண்டும். என்னைக் கூப்பிட்டார்.

எனக்குக் கை உண்டு. சேவலை இடது அக்குளில் இடுக்கி, தலையைக் கீழே அழுத்தி, மண்டைக்குப் பின்னால் இறகை ஒதுக்கி, தோலைக் கிள்ளித் தூக்கி, தடித்த ஊசியை நுழைத்து, மாத்திரையைத் தள்ளி, ஊசியை இழுக்கும்போதே கட்டைவிரலால் துவாரத்தை மூடவேண்டும். அந்தக் கட்டைவிரல் தவறினால் மாத்திரை வெளியே வழுக்கிவிடும். எனக்குத் தவறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குள் ஒரு கொட்டகையை முடித்துவிடுவேன். எனக்காக நாற்காலி போட்டு வைத்திருப்பார் பரந்தாமன். "ஊசி சார் கைக்கு வைர மோதிரம் போடணும்யா" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். மோதிரம் வரவில்லை. அந்தப் பேச்சே எனக்குப் போதுமாக இருந்தது.

பண்ணை பெரிதானதும் ஒவ்வொன்றாகப் பிடித்து வைப்பது பெரும்பாடு ஆகிவிட்டது. ஒருநாள் அவர் அலுத்துக்கொண்டபோது, நான்தான் சொன்னேன்: "எதுக்கு சார் இந்தப் பிடி வேல? அதே மருந்து தூளா வருமே, தீவனத்துலயே கலந்துடுங்க." எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. வாய் சும்மா இருக்காமல் சொன்னது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எப்பேர்ப்பட்ட மூளை எனக்கு என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷத்தில் டாக்டர் சகுந்தலா எங்கள் மருந்தகத்துக்கு வந்தார். என்னைவிட ஆறேழு வயது சின்னவர், எனக்கு மேலதிகாரி. நாலு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. மாட்டைப் பார்க்கும்போது வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் கண்ணுக்கு நேராக உட்கார்ந்துகொள்வார். கை வைக்கமாட்டார். முதலில் கேள்வி. எங்கே படுக்கிறது, எங்கே குடிக்கிறது, எந்த வழியாகப் போய் வருகிறது? காய்ச்சலென்று வந்தாலும் இந்த மூன்று கேள்விதான், கொம்பு முறிந்து வந்தாலும் இந்த மூன்று கேள்விதான். பதிலைத் தேதிக் காலண்டரில் கிழித்த தாளின் முதுகில் பென்சிலால் எழுதுவார். ஃபினாயில் பட்டால் மை கரைந்துவிடும், பென்சில் கரையாது என்பது அவர் கணக்கு.

அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. நோய் புரியவில்லையென்றால் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, மாட்டுக்காரர் முன்னாலேயே, "தெரியல. பார்ப்போம்" என்பார். எனக்கு மானம் போகும். டாக்டருக்கே தெரியவில்லையென்றால் ஜனங்கள் எப்படி மதிப்பார்கள்? நான் எதற்கும் தெரியாது என்று சொன்னதே இல்லை. கால்சியம் குறைவு என்று சொல்லி ஓர் ஊசி போட்டு அனுப்பிவிடுவேன்.

அந்த ஆடி மாதத்தில் குப்பம்மா ஒரு கடாக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் முன்பு நடவு வேலை செய்தவள். அவள் நாற்று நட்ட வயல்களெல்லாம் மனையாகிப் போன பிறகு ஆடுதான் அவளுக்குச் சோறு. கணவன் இல்லை, பத்துப் பதினொரு வயதில் ஒரு மகள். இரண்டு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய அந்தச் சிறு மந்தைதான் மொத்தச் சொத்து.

"இன்னா சார் இது? கடாவுக்கு மடி வுட்டுகினு கீது" என்று குட்டியை மல்லாத்திக் காட்டினாள்.

பார்த்தேன். எல்லாக் கடாவுக்கும் சின்னதாகக் காம்பு இருக்கும். இதற்கு ஈன்ற ஆட்டைப் போல மடி இறங்கியிருந்தது. டாக்டரம்மா மெல்ல அழுத்தினார். ஒரு சொட்டு வெள்ளையாக வந்தது. சுற்றி நின்றவர்களில் ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மொதல்ல எங்க தெருவுல அம்மன் எறங்கிகினான்னு குங்குமம் வெச்சாங்கோ" என்றாள் குப்பம்மா. "அப்பால இன்னொரு குட்டிக்கும் இப்டியே ஆச்சு. பெரிய கடா பொட்ட கிட்டயே போவ மாட்டேங்குது. பொட்டைங்க ஓயாம கத்துதுங்கோ, ஒண்ணும் செனை நிக்கல. இப்ப அதே ஜனங்க எங்க ஆட்ட ஏரிக்கரைக்கு ஓட்டக் கூடாதுன்றாங்க. எங்கூட்டுக்குத் தோஷமாம். ஆடி முடிஞ்சா எல்லாத்தியும் கறிக்கடைக்குத் தள்ளிட்டு எங்கனா பூடுன்றாங்கோ. ஆடும் பூட்டா நான் எதைத் துன்றது?"

நான் வழக்கம்போலக் கால்சியத்துக்குக் கை நீட்டினேன். டாக்டரம்மா பென்சிலைக் காதில் சொருகினார். "தெரியலம்மா. ஒரு வாரம் பொறு. எதையும் விக்காதே. நாளைக்கு நாங்க உன் ஆட்டுக்குப் பின்னாடி வர்றோம்."

"எதுக்கும்மா?"

"அது எங்கெல்லாம் போவுதுன்னு பாக்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஒரு குடை, ரப்பர் செருப்பு, காலண்டர் தாள்கள் சகிதம் டாக்டரம்மா வந்து நின்றார். நாங்கள் மூன்று பேரும் ஆடுகளுக்குப் பின்னால் நடந்தோம். அதைப் போல ஓர் அவமானத்தை நான் அதுவரை பட்டதில்லை. "இன்னா ஊசி சார், ஆடு மேய்க்கப் போட்டுட்டாங்களா?" என்று டீக்கடையிலிருந்து குரல் வந்தது. டாக்டரம்மாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஆடு நிற்கிற இடத்தில் நின்றார். அது கடித்த செடியின் பெயரைக் குப்பம்மாவிடம் கேட்டு எழுதினார். கருவேலங்காய், பூவரச இலை, யாரோ கொட்டிய வாழைத்தோல், சுவரில் ஒட்டிய போஸ்டர் பசை. எல்லாம் தாளில் ஏறியது. பத்து மணிக்கு எனக்குப் பசி. பதினொரு மணிக்கு எரிச்சல்.

உச்சி வேளையில் மந்தை திடீரென்று திரும்பியது. யாரும் ஓட்டவில்லை. ஆடுகளே ஓட்டம் பிடித்து, ஒரு முள்வேலியைச் சுற்றிக்கொண்டு ஒரு மதிற்சுவரின் பின்பக்கம் போய் நின்றன. அங்கே குவியலாகக் கோழி எச்சமும் கூட்டித் தள்ளிய சிந்திய தீவனமும். மழைத் தண்ணீர் அதை அரித்துப் பக்கத்துக் குட்டையில் சேர்த்திருந்தது. ஆடுகள் குவியலைக் காலால் கிளறி மக்காச்சோளக் குருணையைப் பொறுக்கித் தின்றன, பிறகு குட்டையில் வாய் வைத்தன. குட்டிகள்தான் முன்னால் நின்றன.

"தெனம் வருதுங்கோ" என்றாள் குப்பம்மா. "சோளம் கீதுல்ல. சும்மா கெடைக்கிற தீனி தானேன்னு வுட்டுட்டேன்."

"இது யார் பண்ணை?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பரந்தாமன் பண்ணை மேடம்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. சேவலின் கொண்டையைச் சுருக்கிய அதே மருந்து கடாவுக்கு மடி விட வைத்திருக்கிறது.

டாக்டரம்மா எச்சம், தீவனம், குட்டைத் தண்ணீர் மூன்றையும் கொதிக்க வைத்த புட்டிகளில் எடுத்து, லேபிள் ஒட்டி, சோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. பூஞ்சணம் இல்லை, பூச்சிமருந்து இல்லை, வேறு எதையாவது தேடவேண்டுமானால் எதைத் தேடுவது என்று குறிப்பிடவும். அந்தக் கடிதத்தை அவர் இரண்டு முறை படித்தார்.

"எதைத் தேடச் சொல்றது தேவராஜ்? பண்ணையில கேட்டா சாதா தீவனம்தான்னு சத்தியம் பண்றார். என்னன்னு தெரியாம, ஆடு சரியாயிடும்னு அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்வேன்? நாளைக்குக் கறிக்கடைக்காரர் வர்றாராம். எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போகப்போறார்."

ஸ்டவ்வில் சிரிஞ்சுகள் கொதித்துக்கொண்டிருந்தன. அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. சொன்னால் வேலை போகும், நாற்காலி போட்ட மரியாதை போகும், டீக்கடையில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் குப்பம்மாவின் ஆடுகள் நாளைக்குப் போகும், அவளும் ஊரைவிட்டுப் போவாள். இவ்வளவு சுலபமான கணக்குக்கு விடை போட எனக்கு ஏழு நாள் பிடித்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

"மேடம், அது என்னன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

முழுவதும் சொன்னேன். கழுத்தில் வைத்தது, தீவனத்தில் கலக்கச் சொன்னது, எல்லாம். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பென்சிலை எடுத்தார்.

"மொதல்ல மாத்திரையை எதுக்குக் கழுத்துல வெச்சீங்க?"

"மருந்து மிச்சம் இருந்தாலும் தலையோட வெட்டிப் போட்டுடுவாங்க மேடம். கறியில சேராது."

"வெட்டிப் போட்டது எங்க போவுது?"

நான் அதை யோசித்ததே இல்லை. அவர் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "கோழிக்குள்ள போனது அங்கேயே நிக்காது தேவராஜ். எச்சத்துல வரும், மண்ணுல சேரும், தண்ணியில எறங்கும். அடுத்த உடம்பு கிடைச்சா அங்கேயும் அதே வேலையைப் பாக்கும். இதைக் குப்பம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

அன்று சாயங்காலமே போனோம். ஆடுகளைக் கட்டிப்போட்டுவிட்டு வாசலில் நின்றபடியே கேட்டாள் குப்பம்மா. தோஷம் இல்லை, அம்மனும் இல்லை, நான் சொன்ன மருந்துதான் என்றேன். குவியல் பக்கமே விடாமல் கட்டித் தீனி போட்டால் மருந்து இறங்கிவிடும், சில மாதத்தில் சரியாகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். குப்பம்மா அழவில்லை, ஏசவுமில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"கோயி தல, கயுத்தெல்லாம் அந்தப் பண்ணைக்காரரு சும்மா குடுப்பாரு சார். ரெண்டு வருசமா நாங்க அத்தத்தான் கொயம்பு வெச்சித் துன்றோம். எம் பொண்ணு எலும்பு வுடாம கடிச்சித் துன்னும். அதுக்கு எதுனா ஆவுமா?"

"தெரியலம்மா. பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. பார்க்கவும் செய்தார். அடுத்த வாரமே அந்தப் பெண்ணைத் தானே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், பிறகும் சில முறை போனார். குறை ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அவள் பெரியவளாகி, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற செய்தி வந்த ஒவ்வொரு முறையும் என் மனைவிக்குத் தெரியாமல் நான் சாமிப் படத்தின் முன்னால் நின்றிருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டமா, அந்த மருந்தின் அளவா, எனக்கு இன்றும் தெரியாது.

அந்த வாரமே ஒருநாள் பரந்தாமன் மதியச் சாப்பாட்டு வேளையில் மருந்தகத்துக்கு வந்து சத்தம் போட்டார். "நீதானய்யா கலக்கச் சொன்ன? இப்ப நீயே காட்டிக் குடுக்கறியா?" இரண்டுமே உண்மை என்பதால் நான் எதிர்த்துப் பேசவில்லை. டாக்டரம்மா அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையின் நகலைக் காட்டினார். அதில் என் பெயர் இருந்தது. என் பெயரை நானே எழுதச் சொல்லியிருந்தேன். தூள் கலப்பதைப் பரந்தாமன் நிறுத்தினார், குவியலைக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார், தலை கழுத்தும் அந்தக் குழிக்கே போனது. குட்டையைச் சுற்றி வேலி போட்டார்கள். அறிக்கைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. எனக்கு மட்டும் ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. அதன் பிறகு எந்தப் பண்ணையிலும் எனக்கு நாற்காலி போடவில்லை.

கறிக்கடைக்காரரைக் குப்பம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். ஆடுகளை வீட்டோடு கட்டினாள். தினமும் காலையில் நான் சைக்கிளில் வேறு பக்கத்திலிருந்து தழை வெட்டிக் கொண்டுபோய் அவள் வாசலில் போடுவேன். அவள் எடுத்துக்கொள்வாள், என்னிடம் பேசமாட்டாள். பொங்கலுக்குள் குட்டிகளின் மடி வற்றியது. பெரிய கடா மறுபடி பெட்டைகளைச் சுற்ற ஆரம்பித்தது. சினை நின்றதா என்று தடவிப் பார்க்க டாக்டரம்மாவைத்தான் கூப்பிடுவாள்.

வெயில் காலம் முடியும் நேரம், ஒரு காலை, மருந்தகத்தில் நல்ல கூட்டம். குப்பம்மா சேலைத் தலைப்பில் எதையோ சுற்றிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத கறுப்புக் கடாக்குட்டி, ரோமம் இன்னும் ஈரமாக இருந்தது. டாக்டரம்மா ஒரு மாட்டுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்ததால் நான் குட்டியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். வயிறு, தொடையிடுக்கு, காம்பு, விதை என்று விரலால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவசரப்படவில்லை. என் வாழ்க்கையில் எந்த உயிரையும் அவ்வளவு பயந்து பயந்து தொட்டதில்லை.

"நல்ல கடாதாம்மா. ஒரு கொறையும் இல்ல" என்றேன்.

"நீ சும்மா கெட சார்" என்றாள் குப்பம்மா, அத்தனை பேர் முன்னாலும். "டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும்."

எனக்குக் காது சுட்டது. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. குட்டியை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். குட்டியைத் தொடவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"அவர் பாத்துட்டாரில்ல? அப்ப சரியாத்தான் இருக்கும். எடுத்துட்டுப் போம்மா, பால் குடிக்கட்டும்."

குப்பம்மா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு குட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் கைப்பம்புக்குப் போய், கை சுத்தமான பிறகும் நீண்ட நேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.